ஹார்ட் டிஸ்க் என்ன புறம்போக்கு நிலமா?

பொட்டி தட்டுறவன் வீட்டுல பொட்டி படுத்துக்கிட்டா யாரைக் கூப்பிடுவாங்க? அவனைத்தான். நான் ஆபீஸ்ல எழுதற ஜாவாவுக்கும் வீட்டுல பிரிண்டர் ஓடாததுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதுன்னு வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன். இதுவரைக்கும் எங்க வீட்டுல யாரும் நம்பினதாத் தெரியல.

2025 பொங்கலுக்கு மன்னார்குடி போயிருந்தேன். ராத்திரி பஸ்ல தூங்காம வந்து, திண்ணையில பையை வைக்கறதுக்குள்ள அப்பா ஆரம்பிச்சுட்டார்.

"காபியக் குடிச்சுட்டு இந்த லேப்டாப்பக் கொஞ்சம் பாரு தம்பி. சி டிரைவ் செவப்பாவே இருக்கு. எத அழிச்சாலும் பத்து நாள்ல திரும்பவும் செவப்பாயிடுது."

"எதப்பா அழிச்சீங்க?"

"பெருசு பெருசா இருந்தத எல்லாம் பாத்து அழிச்சேன். வீடியோதான் நெறைய எடம் பிடிச்சிருந்துச்சு."

எனக்கு அப்பவே வயித்துல ஏதோ பண்ணிச்சு. "எந்த வீடியோப்பா?"

அப்பாயி நடவுப் பாட்டு பாடின வீடியோ. 2019ல, அவங்களுக்கு 86 வயசு இருக்கறப்ப, இதே திண்ணையில உக்கார வெச்சு நான் எடுத்தது. இருபத்தஞ்சு நிமிஷம், 3.8 ஜிபி. அடுத்த வருஷமே அப்பாயி போயிட்டாங்க. வீடியோ என் ஃபோன்லேர்ந்து அப்பா லேப்டாப்புக்கு வந்துச்சு, அப்புறம் நான் ஃபோனை மாத்திட்டேன், ஆகமொத்தம் இருந்தது ஒரே ஒரு காப்பி. (ஆமா, ஒரே காப்பி. இஞ்சினியரிங் படிச்சவன், ஆபீஸ்ல புதுசா வர்ற பசங்களுக்கு பேக்கப் பத்தி வகுப்பு எடுக்கறவன். திட்டணும்னா தாராளமா திட்டிக்குங்க, நான் ஏற்கெனவே திட்டிக்கிட்டாச்சு.) ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டார். "அதுவும் எடம் பிடிச்சிருக்குன்னு போட்டிருந்துச்சு, அதான்" அப்படின்னார்.

அவர் மேல எனக்குக் கோபம் வரல. கண்ணுக்குத் தெரியறதைத்தானே ஒரு மனுஷன் அழிக்க முடியும்? அவர் கண்ணுக்குத் தெரிஞ்சது பாட்டியோட பாட்டு. தெரியாம உள்ளே உக்காந்திருந்தது 98 ஜிபி. அந்த 98 ஜிபியைப் பத்தித்தான் இந்தப் புலம்பல்.

எங்கப்பா நில அளவையர், அதாவது சர்வேயர். ரிட்டையர் ஆகி சில வருஷம் ஆச்சு. "இடத்தக் காணோம்"ங்கிற வார்த்தையே அவருக்குப் பிடிக்காது. இடம் எங்கேயும் போகாது, ஒண்ணு அளந்தவன் வேற கோலால அளந்திருப்பான், இல்லேன்னா பக்கத்து வயக்காரன் வரப்பை நகத்தியிருப்பான், மூணாவது காரணமே கிடையாதுன்னு சொல்வார். யோசிச்சுப் பாத்தா ஹார்ட் டிஸ்க்லயும் அதே ரெண்டு காரணம்தான்.

முதல்ல கோலைப் பாத்துடலாம். கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். 2009ல எங்க வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. பில்லுல ஹார்ட் டிஸ்க் 160 ஜிபின்னு போட்டிருந்துச்சு. மை கம்ப்யூட்டரைத் திறந்து எல்லா டிரைவையும் கூட்டினா 149தான் வருது. அப்பா பில்லை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு நேரா கடைக்கே போயிட்டார். கடைக்காரர் அசராம, "அது ஃபார்மேட்டிங்ல போயிடும் சார்"னு சொல்லி அனுப்பிட்டார். நெல்லு அரைச்சா தவிடு போற மாதிரி டிஸ்க்லயும் ஏதோ போகும்போலன்னு அப்பாவும் வந்துட்டார். ஆனா மனசு ஆறல. ரொம்ப நாளைக்கு யார் வீட்டுக்கு வந்தாலும் அந்த 11 ஜிபி கதைதான்.

இந்த ஃபார்மேட்டிங் கதை இன்னிக்கு வரைக்கும் கடைக்குக் கடை ஓடிக்கிட்டிருக்கு. ஃபார்மேட்டிங்ல போறது ரொம்பக் கொஞ்சம். நெஜக் காரணம் கோல்தான். டிஸ்க் செய்யற கம்பெனிக்கு ஒரு ஜிபிங்கறது சரியா நூறு கோடி பைட். விண்டோஸுக்கு ஒரு ஜிபிங்கறது 1024ஐ மூணு தடவை வெச்சுப் பெருக்கினா வர்ற 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம். அட்டைப் பெட்டியில எழுதின 16,000 கோடி பைட்டும் டிஸ்க்ல அப்படியே இருக்கு, வகுக்கற எண்தான் வேற. இந்த ரெண்டு கணக்குக்கும் வித்தியாசம் கிலோவுல 2.4 சதவீதம்தான், அதனால ஃபிளாப்பி காலத்துல யாருக்கும் உறுத்தல. கிகாவுக்கு வர்றப்ப அது 7.4 சதவீதம், டெராவுல கிட்டத்தட்ட 10. அதனாலதான் ஒரு டெராபைட் டிஸ்க் வாங்கினா விண்டோஸ்ல 931 ஜிபின்னு நிக்குது.

காலேஜ் படிக்கறப்ப லீவுக்கு வந்து இதை அப்பாவுக்கு விளக்கினேன். அவர் ஒரே நிமிஷத்துல பிடிச்சுக்கிட்டார். "நம்ம மா கணக்கு மாதிரின்னு சொல்லு. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஆனா குழின்னா எவ்வளவுங்கறது ஊருக்கு ஊரு மாறும். அதனாலதான் பட்டாவுல ஹெக்டேர், ஏர்ஸ்னு ஒரே அளவாப் போட்டாங்க." அதே மாதிரி ஒரே அளவாப் போட கம்ப்யூட்டர் உலகத்துலயும் முயற்சி நடந்துச்சு. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998லயே 1024 கணக்குக்குத் தனியா கிபி, மெபி, கிபி பைட்னு பேர் வெச்சுது. (தமிழ்ல எழுதினா கிலோவோட தம்பியும் கிகாவோட தம்பியும் ஒரே பேர்ல வந்து நிக்கறாங்க பாருங்க, பேர் வெச்சவங்க நம்மளக் கேக்கல!) ஆப்பிள் 2009ல ஸ்நோ லெப்பர்ட்லேர்ந்து பெட்டி மேல இருக்கற அதே கணக்கையே திரையிலயும் காட்ட ஆரம்பிச்சுட்டாங்க. விண்டோஸ் இன்னும் பழைய கோலையே வெச்சுக்கிட்டு அதுக்கு ஜிபின்னு புதுப் பேரை ஒட்டிக்கிட்டிருக்கு. அமெரிக்காவுல இதுக்காக வழக்கே நடந்து, வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006லயும் சீகேட் 2007லயும் சமாதானத்துக்கு வந்தாங்க. வாங்கினவங்களுக்குக் கெடச்சது பெரும்பாலும் இலவச பேக்கப் சாஃப்ட்வேர். சீகேட்ல கூடவே விலையில 5 சதவீதம் திருப்பிக் கேக்கலாம்னு இருந்துச்சு.

இதைப் பெரிய திருட்டுன்னு நான் சொல்ல மாட்டேன். கோல் வேறங்கறது ஒரு தடவை தெரிஞ்சுட்டா அதோட முடிஞ்சது. அந்த 11 ஜிபி தினமும் வளராது. வளர்றது வரப்பு நகர்ற கேஸ்தான்.

அப்பாவோட இப்போதைய லேப்டாப் 2020ல வாங்கினது. 256 ஜிபி எஸ்எஸ்டி. கோல் வித்தியாசத்துல அது 238 ஆயிடும், சரி. ஆனா சி டிரைவ் காட்டறதே 219தான். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தா, எழுத்து கொடுக்காம ஒளிச்சு வெச்ச பார்ட்டிஷன்கள் வரிசையா நிக்குது. பூட் ஆகறதுக்குத் தேவையானது சின்னதா ஒண்ணு, விண்டோஸோட ரிக்கவரி ஒண்ணு, அப்புறம் லேப்டாப் கம்பெனி தன்னோட ரிக்கவரிக்குன்னு எடுத்துக்கிட்ட 17 ஜிபி. பட்டா அப்பா பேர்ல, ஆனா கொல்லையில ஒரு ரூமைக் கட்டி வித்தவனே பூட்டி வெச்சிருக்கான்.

மீதி 219ல காலி 3 ஜிபி. அதாவது 216 நிரம்பியிருக்கு. இப்ப ஒரு சின்ன சோதனை, நீங்களும் செஞ்சு பாக்கலாம். சி டிரைவுக்குள்ள போய் எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, ரைட் கிளிக் பண்ணி, பிராப்பர்ட்டீஸ் பாருங்க. எங்கப்பாவோடதுல வந்தது 118 ஜிபி. 216ல 118 போனா 98. அந்த 98 ஜிபி எந்த ஃபோல்டர்லயும் இல்ல, ஆனா டிஸ்க்ல இருக்கு.

இதுல மாயமந்திரம் ஒண்ணும் இல்ல. மறைச்சு வெச்ச ஃபைலை நீங்க செலக்ட் பண்ணவே இல்ல, அதனால அது எண்ணிக்கையில வராது. உள்ளே போக உங்களுக்கு அனுமதி இல்லாத ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரர் எண்ண முடியாது, அதனால அதையும் விட்டுட்டுக் கூட்டிச் சொல்லும். "இத்தனை ஃபோல்டருக்குள்ள என்னால போக முடியல"ன்னு ஒரு வரி சொல்லலாம்ல? சொல்லாது. பூட்டியிருக்கற வீட்டை எல்லாம் ஆள் இல்லாத வீடுன்னு எழுதிட்டுப் போற மக்கள்தொகைக் கணக்கு மாதிரி.

விஸ்ட்ரீன்னு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அட்மினிஸ்ட்ரேட்டரா ஓட்டினா டிஸ்கோட மாஸ்டர் ஃபைல் டேபிளையே நேரடியா படிச்சு, எது எவ்வளவு இடம் பிடிச்சிருக்குன்னு கட்டம் கட்டமா படம் போட்டுக் காட்டிடும். விண்டர்ஸ்டாட் இதுக்கு அண்ணன், 2003லேர்ந்து இருக்கு, வேகம்தான் கம்மி. படம் வந்ததும் அப்பா கண்ணாடியை மேல தூக்கிட்டு குனிஞ்சு பாத்து, "டேய், இது எஃப்எம்பி மாதிரியே இருக்கேடா" அப்படின்னார். எஃப்எம்பின்னா புலப்படம், சர்வே நம்பர் வாரியா வரப்புகளோட அளவு போட்டிருக்கற வரைபடம். அவர் வாழ்க்கை பூரா வரைஞ்சது அதைத்தான்.

இந்தக் கட்டப் படம் பொறந்த கதையும் நம்ம கதைதான். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துல பென் ஷ்னைடர்மேன்னு ஒரு பேராசிரியர். 1990ல அவரோட ஆய்வுக்கூடத்துல 80 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் ஒண்ணை 14 பேர் பங்கு போட்டுக்கிட்டிருந்தாங்க. அது எப்பப் பாத்தாலும் நிரம்பி வழியும். யார் எவ்வளவு எடுத்திருக்காங்கன்னு கண்டுபிடிக்க முடியாம மண்டையை உடைச்சுக்கிட்டப்ப உதிச்சதுதான் ட்ரீமேப். ஆக, டிஸ்க் நிரம்பிப் போச்சேங்கற கடுப்புலேர்ந்து வந்த சரக்கு. அந்தப் பதினாலு பேரும் குறைஞ்சபட்சம் ஒருத்தரை ஒருத்தர் பாத்து, "எப்பா, உன்னோடதைக் கொஞ்சம் காலி பண்ணு"ன்னு கேட்டிருக்க முடியும். நம்ம டிஸ்க்ல குடியிருக்கறவங்க யாருன்னே நமக்குத் தெரியாது.

சரி, அப்பா லேப்டாப்ல யார் யார் இருந்தாங்க?

ஹைபர்நேஷனுக்கான ஃபைல் 3 ஜிபி. லேப்டாப் தூங்கறப்ப மெமரியில இருக்கறதை எழுதி வைக்கற இடம், விண்டோஸ் 10ல ரேம் அளவுல 40 சதவீதம் எடுத்துக்கும். பேஜ் ஃபைல் 5 ஜிபி, ரேம் பத்தாதப்ப கடன் வாங்கற இடம். இந்த ரெண்டும் வேலை செய்யற ஆளுங்க, இருந்துட்டுப் போகட்டும். ஹைபர்நேஷன் வேண்டவே வேண்டாம்னா ஒரு கமாண்ட்ல நிறுத்திடலாம், ஆனா அதோட சேர்ந்து விண்டோஸ் 8லேர்ந்து வர்ற ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போயிடும். நான் தொடல.

அடுத்தது சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்னு ஒரு ஃபோல்டர், 21 ஜிபி. இதுக்குள்ள வீட்டுக்காரரே போக முடியாது. சிஸ்டம் ரிஸ்டோர் எடுத்து வைக்கற பழைய நிலவரங்கள் இங்கதான் இருக்கும். உபயோகமானதுதான், என்னையே ரெண்டு தடவை காப்பாத்தியிருக்கு. ஆனா டிரைவ்ல 10 சதவீதம் வரைக்கும் எடுத்துக்கலாம்னு யாரோ உச்சவரம்பு வெச்சிருக்காங்க, அது அந்த 10 சதவீதத்தையும் தொட்டுட்டுத்தான் நின்னிருக்கு. சிஸ்டம் புரொடக்‌ஷன்ல போய் ஒரு கோட்டை இடது பக்கம் இழுத்து 3 சதவீதம் ஆக்கினேன். 15 ஜிபி வந்துச்சு. இதுக்கு இஞ்சினியரிங் படிச்சிருக்க வேண்டியதில்ல. ஆனா இப்படி ஒரு கோடு இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும்.

லேப்டாப் கம்பெனியே போட்டுக் குடுத்த உதவியாளர் புரோகிராம் ஒண்ணு. அப்பா அதை ஒரு நாளும் திறந்தது கிடையாது. அது பாட்டுக்கு பேக்கப்னு சொல்லி எதையோ எடுத்து எடுத்து வெச்சு 41 ஜிபி. எங்க வெச்சுதுங்கறீங்க? அதே சி டிரைவ்ல. டிஸ்க் போனா அந்த பேக்கப்பும் சேர்ந்தே போகும். வீட்டுச் சாவி தொலைஞ்சா வேணுமேன்னு மாத்துச் சாவி செஞ்சு அதே வளையத்துல மாட்டி வெச்ச கதை.

இதுக்கெல்லாம் மேல கடைசியா ஒண்ணு. புரோகிராம் டேட்டான்னு மறைச்சு வெச்ச ஃபோல்டருக்குள்ள, ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல். 26 ஜிபி.

பிரிண்டர் சாஃப்ட்வேரோட லாக். பிரிண்டர் 2021லயே பழுதாகி பரணுக்குப் போயிடுச்சு. ஆனா அதோட சர்வீஸ் மட்டும் விசுவாசமா ஓடிக்கிட்டிருந்திருக்கு. விநாடிக்கு ஒரு தடவை "பிரிண்டர் இருக்கா?"ன்னு கேக்கறது, இல்லைன்னு பதில் வந்ததும் கிட்டத்தட்ட ஒரு கிலோபைட்டுக்கு ஒப்பாரி வெச்சு ஃபைல்ல எழுதறது. கணக்குப் போட்டுப் பாத்தேன். அப்பா தினமும் ஆறு மணி நேரம் லேப்டாப்பை வெச்சிருப்பார். அப்படின்னா வருஷத்துக்கு 79 லட்சம் தடவை. ஏறக்குறைய 8 ஜிபி. மூணரை வருஷம். சரியா வருது.

இல்லாத ஒரு பிரிண்டரை இல்லை இல்லைன்னு எழுதி வைக்க 26 ஜிபி. அதுக்கு இடம் பத்தாம அப்பாயி பாட்டு 3.8 ஜிபி போச்சு.

அன்னிக்கு ராத்திரி அந்த வீடியோவை மீட்க என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். பழைய சுத்தற ஹார்ட் டிஸ்க்கா இருந்தா ஃபோட்டோரெக், ரெக்குவா மாதிரி எதையாவது ஓட்டி, மேல வேற எதுவும் எழுதப்படலைன்னா எடுத்துடலாம். அதுல டெலீட்டுங்கறது பேரை மட்டும் அடிக்கறது, சரக்கு அங்கேயே இருக்கும். எஸ்எஸ்டியில அப்படிக் கெடையாது. ட்ரிம்னு ஒரு ஏற்பாடு, "இந்த இடம் இனிமே வேண்டாம்"னு விண்டோஸ் உடனே டிஸ்குக்குச் சொல்லிடும், டிஸ்கும் தன் பாட்டுக்குத் துடைச்சு வெச்சுடும். அதோட அந்த லேப்டாப் இருந்த நெரிசல்ல, காலியான இடத்துல லாக் ஃபைல் வந்து உக்காரவும் எத்தனை நேரம் ஆகப்போகுது. ஒண்ணும் கிடைக்கல.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். நாங்க, அதாவது சாஃப்ட்வேர் எழுதறவங்க, அடுத்தவங்க டிஸ்கைப் புறம்போக்கு நிலமாத்தான் நெனச்சுக்கிட்டிருக்கோம். யாருக்கும் சொந்தமில்ல, முள்வேலி இல்ல, கொட்டாயைப் போட்டுக்கிட்டா யார் கேக்கப்போறாங்க. சொல்லப்போனா நெஜப் புறம்போக்குக்கே பதிவேடு உண்டு. ஆக்கிரமிப்பு இருந்தா கிராம நிர்வாக அலுவலர் எழுதி வைக்கணும், நோட்டீஸ் குடுக்கணும். நம்ம டிஸ்க்ல அது கூடக் கெடையாது. விண்டோஸோட ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்தா "மற்றவை"ன்னு ஒரு வரி. "சர்வீஸ்ல ஒரு நாள் நான் அ-பதிவேட்டுல மற்றவைன்னு நாப்பது ஏக்கர் எழுதிக் குடுத்திருந்தா என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க"ன்னு அப்பா சிரிக்கறார்.

"டிஸ்க் விலை மலிவு, இன்னொண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே"ன்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்குத் தெரியும், ஏன்னா நானே சொல்லியிருக்கேன். அந்த மலிவுங்கறது யார் காசு? நிறைய லேப்டாப்ல இப்ப ஸ்டோரேஜை போர்டோட சேர்த்துப் பத்த வெச்சுடறாங்க, மாத்தவே முடியாது. 32 ஜிபியோட வித்த சின்ன லேப்டாப்கள்ல விண்டோஸ் 10ஐ அப்டேட் பண்ணவே இடம் இல்லாம மக்கள் பென் டிரைவைச் சொருகிக்கிட்டு நின்னாங்க. 2019ல, அப்டேட்டுக்குன்னே சுமார் 7 ஜிபியை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கற ஏற்பாடு வந்துச்சு. அப்டேட் பாதியில நிக்காம இருக்க அது நல்லதுதான்னே வெச்சுப்போம். குறைஞ்சபட்சம் அதை வெளிப்படையா அறிவிச்சு, செட்டிங்ஸ்ல தனி வரியாக் காட்டறாங்க. இந்த மரியாதையைத்தான் நான் எல்லார்கிட்டயும் கேக்கறேன்.

இதைக் கேட்டா கெடைக்கும்ங்கறதுக்கு உதாரணமும் இருக்கு. 2015ல மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 10 வேணும்னு கேக்காத ஆளுங்களோட விண்டோஸ் 7, 8 பொட்டியில கூட இன்ஸ்டால் ஃபைல்களை முன்கூட்டியே இறக்கி வெச்சாங்க. பல ஜிபி, அதுவும் மறைச்சு வெச்ச ஃபோல்டர்ல. ஜெர்மனியில பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்து நுகர்வோர் அமைப்பு ஒண்ணு விடாம வழக்குப் போட்டுச்சு. 2017ல மைக்ரோசாஃப்ட், இனிமே உபயோகிக்கறவங்க சம்மதம் இல்லாம அப்படி இறக்கி வைக்க மாட்டோம்னு உறுதி எழுதிக் குடுத்தாங்க. அடுத்தவங்க டிஸ்க்ல இடம் எடுக்கச் சம்மதம் வேணும்ங்கறதை அவ்வளவு பெரிய கம்பெனியே எழுத்துல ஒத்துக்கிட்டாச்சு. பிரிண்டர் சாஃப்ட்வேர் எழுதறவங்களுக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?

நடுவுல ஒண்ணு சொல்லிடறேன். இதைப் படிச்சுட்டு உடனே ஏதாவது கிளீனர் புரோகிராமை இறக்கி "எல்லாத்தையும் சுத்தம் செய்"யை அமுக்கிடாதீங்க. 2017ல சிகிளீனரோட ஒரு வெர்ஷனுக்குள்ளயே திருட்டுப் பசங்க புகுந்து வைரஸ் வெச்சு, இருபது லட்சத்துக்கும் மேல பொட்டிகளுக்குப் போச்சு. விண்டோஸோட சொந்த டிஸ்க் கிளீனப்லயே 2018 கடைசி வாக்குல வந்த அப்டேட்ல டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் ஒரு டிக் பெட்டியா வந்து சேந்துச்சு. வழக்கம்போல எல்லாப் பெட்டியிலயும் டிக் போட்டவங்க டவுன்லோட்ஸைப் பறிகொடுத்தாங்க, பின்னாடி அதை எடுத்துட்டாங்க. வின்எஸ்எக்ஸ்எஸ்னு ஒரு ஃபோல்டர் பயங்கரப் பெருசாத் தெரியும். அதுல பாதி ஒரே ஃபைல் ரெண்டு பேர்ல நிக்கறது, எக்ஸ்ப்ளோரர் ரெண்டு தடவை எண்ணிடும். கை வெச்சா விண்டோஸே எழுந்திருக்காது. யாரோடதுன்னு தெரியாம எதையும் அழிக்க வேண்டாம். பக்கத்துல ஒரு கடையில காட்டினப்ப, அப்பாகிட்ட "ஃபார்மேட் அடிச்சுடலாம் சார், எல்லாம் சரியாயிடும்"னு சொன்னாங்களாம். நல்லவேளை, பொங்கல் வரட்டும்னு நிறுத்தி வெச்சார்.

என் பங்கையும் சொல்லிடறேன், இல்லேன்னா மனசு கேக்காது. நாங்க எழுதற சாஃப்ட்வேர் ஒண்ணு, கஸ்டமரோட கிளை ஆபீஸ் கம்ப்யூட்டர்கள்ல ஓடுது. அதுலயும் லாக் எழுதறோம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கிளையிலேர்ந்து "உங்க லாக் டிஸ்கை நிரப்பிடுச்சு"ன்னு டிக்கெட் வந்துச்சு. நான்தான் பாத்தேன். "பழைய லாகை அழிச்சுக்கவும்"னு ஒரு வரி எழுதி மூடிட்டேன். அளவு தாண்டினா பழசைத் தானே அழிக்கற மாதிரி செய்யறது பெரிய வித்தை இல்ல, ஜாவாவுல ரோலிங் அப்பெண்டர்னு ரெடிமேடாவே இருக்கு, நாலு வரி. ஆனா யாராவது அந்த நாலு வரியை எழுதணும். பைத்தான்ல இன்னும் வேடிக்கை, ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர்னே பேர் வெச்சிருப்பாங்க, அளவு என்னன்னு நாம குடுக்கலைன்னா அது ரொட்டேட்டே ஆகாது. ரிலீஸ் தேதி நெருக்கத்துல, ஆணி மேல ஆணியா இருக்கறப்ப, எங்க டீம்ல யாரும் இதைக் கேட்டதில்ல. டெஸ்ட் பண்றவங்க மெஷின் ஒரு வாரம் ஓடும், நிரம்பாது. மூணரை வருஷம் ஓடறது எங்கேயோ ஒரு கிளை ஆபீஸ்ல. அங்க இருக்கற யாரோ ஒருத்தர் இடம் பத்தலைன்னு எதை அழிச்சாரோ.

பொங்கல் முடிஞ்சு சென்னைக்கு வந்து அந்தப் பழைய டிக்கெட்டைத் தேடித் திறந்தேன். லாகுக்கு மொத்தம் 200 எம்பின்னு வரம்பு, அன்இன்ஸ்டால் பண்ணினா லாகும் சேர்ந்து போகணும்னு ஒரு மாற்றம், ரெண்டையும் எழுதி அனுப்பினேன். மேனேஜர் "யார் கேட்டாங்க இதை?"ன்னார். எங்கப்பான்னு சொல்லவா முடியும் :-)

அப்பா லேப்டாப்ல பிரிண்டர் சாஃப்ட்வேரை எடுத்தேன். எடுத்த பிறகும் அந்த 26 ஜிபி ஃபைல் அங்கேயேதான் இருந்துச்சு, தனியாப் போய் அழிச்சேன். உதவியாளர் புரோகிராமையும் அதோட 41 ஜிபியையும் வெளியேத்தினேன். எல்லாம் சேர்த்து 82 ஜிபி. காலி இடம் 85 ஆச்சு, சி டிரைவ் நீலமாச்சு. அப்பா கொஞ்ச நேரம் அந்த நீலக் கோட்டையே பாத்துக்கிட்டிருந்தார். "இவ்வளவு இடம் இருந்திருக்கு" அப்படின்னு மட்டும் சொன்னார். நான் ஒண்ணும் பேசல.

திருவாரூர்ல இருக்கற அத்தை ஃபோன்ல, அப்பாயி காரியத்தப்ப நான் வாட்ஸப்ல அனுப்பின துண்டு ஒண்ணு இருந்துச்சு. வாட்ஸப் அப்ப விட்ட 16 எம்பிக்குள்ள அடங்கணும்னு சுருக்கி அனுப்பினது. மூணு நிமிஷத்துக்கும் கம்மி. முகம் கட்டம் கட்டமா இருக்கு, ஆனா குரல் தெளிவா இருக்கு. அதை இப்ப லேப்டாப், பென் டிரைவ், என் கூகுள் டிரைவ்னு மூணு இடத்துல வெச்சிருக்கேன்.

அப்பா அவரோட பழைய ஃபீல்டு நோட்டு ஒண்ணை எடுத்து கோடு போட்டு வெச்சிருக்கார். மாசா மாசம் ஒண்ணாம் தேதி விஸ்ட்ரீயை ஓட்டி, ஃபோல்டர் வாரியா எழுதிக்கிட்டு, எனக்கு ஃபோன் பண்ணி வாசிக்கறார்.

"விண்டோஸ் 27. யூசர்ஸ் 61. புரோகிராம் டேட்டா போன மாசம் 9.4, இந்த மாசம் 10.6. ஒண்ணேகால் கிட்ட ஏறியிருக்கு. யாருன்னு பாத்துச் சொல்லு தம்பி."